கேபிளை டைட் பண்ணாதீங்க, பாஸ்!

புதுச் செருப்பு நாலு நாள் கடிக்கும். அதுக்காகக் கடைக்காரரை யாரும் திட்டறதில்லை. ஆனா, புதுக் கிளட்ச் போட்ட கார் நாலாவது நாளே வழுக்க ஆரம்பிச்சா? உடனே மனசுல மூணு சந்தேகம் வரும். ஒண்ணு, டூப்ளிகேட் பார்ட்டைத் தலையில கட்டிட்டாங்க. ரெண்டு, மெக்கானிக்குக்கு வேலை தெரியலை. மூணு, இந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைச்சிடலாம். இந்த மூணையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு, நாலாவதா ஒரு காரியம் செய்வோம் பாருங்க… “அண்ணே, அந்தக் கேபிளைக் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க!”

இந்த வாரம் நம்ம மேட்டர் அந்த நாலாவது காரியம்தான். ஏன்னா, வழுக்குற கிளட்சுக்குக் கேபிளை டைட் பண்றது, வயித்துப்போக்குக்கு விளக்கெண்ணெய் குடுக்குற மாதிரி!

‘இருபது வயசுப் பையன், மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன், இவனுக்கு என்ன தெரியும்?’னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். எனக்குத் தெரிஞ்சதில் பாதி, கைனமேட்டிக்ஸ் பேப்பரில் ‘ஃபிரிக்‌ஷன் கிளட்ச்’ கணக்குப் போட்டது. மீதிப் பாதி, எங்க பெரியப்பாவின் மாருதி 800-க்குக் கீழே சாக்கு விரிச்சுப் படுத்துக் கிடந்தது. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன்.

எங்க ஊர் சங்கராபுரம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிஞ்ச கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கு. கிழக்கே கண்ணுக்கெட்டின தூரம் வரை சமவெளி. மேற்கே நிமிர்ந்து பார்த்தா கல்வராயன் மலை. கிளட்சைப் பொறுத்தவரை இந்த ரெண்டும் ரெண்டு உலகம். சமவெளியில் ஓடுற வரைக்கும் எல்லாக் கிளட்சும் நல்ல கிளட்ச்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுற வளைவுகள் ஆரம்பிக்கும்போதுதான் அதோட வண்டவாளம் தெரியும்.

பெரியப்பாவுக்குத் தவணைத் துணி வியாபாரம். பின் சீட்டை மடக்கிப் போட்டு, புடவை, லுங்கி, நைட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் துணின்னு அடுக்கிக்கிட்டு வாரம் ரெண்டு நாள் மலை ஏறுவார். வண்டி 2004 மாடல். மாருதி 800 தயாரிப்பு 2014-லயே நின்னுபோச்சு. ஆனா எங்க பக்கம் இன்னும் நிறைய ஓடுது. 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி.யைப் புதுப்பிச்சு வெச்சிருக்கார். கிளட்ச் தேய்ஞ்சு போனதால், தெரிஞ்ச பட்டறை ஒண்ணுல (பேர் வேண்டாமே!) பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் புதுசாப் போட்டார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. மூணு ட்ரிப் சமத்தா மலைக்குப் போய்ட்டு வந்தது.

நாலாவது ட்ரிப். அணை தாண்டி ரெண்டு வளைவு. மூணாவது கியர்ல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா எஞ்சின் ‘உய்ய்ய்’னு கத்துது. வண்டி மட்டும் பொண்ணு வீட்டுக்குப் போற புது மாப்பிள்ளை மாதிரி நிதானமா நகருது. கூடவே, காகிதமும் ரப்பரும் சேர்ந்து கருகுற மாதிரி ஒரு வாடை. பெரியப்பா வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கிட்டே வந்துட்டார். தீபாவளிக்கு மூணு வாரம்தான் இருந்தது. கொண்டுபோக வேண்டிய சரக்கு ஒருபக்கம், மலையில் வசூல் பண்ண வேண்டிய பழைய தவணை இன்னொரு பக்கம். வாடகை வண்டி பிடிச்சா லாபம் பூரா டீசலுக்கே போயிடும். மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டா, ‘கேபிள் லூஸா இருக்கும், டைட் பண்ணிப் பாருங்க’ன்னு பதில். பெரியப்பா ரெண்டு சுத்து டைட் பண்ணினார். வழுக்கல் அதிகமாச்சு. இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தினார். வீட்டு வாசல் மேட்டில் ஏறவே வண்டி அழுதது!

ஏன் அப்படி? இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு அப்பளத்தை வெச்சு அழுத்திப் பிடிச்சிருக்கீங்கன்னு வெச்சுக்கங்க. ஒரு உள்ளங்கை ஃப்ளைவீல். எஞ்சினோட சேர்ந்து சுத்துது. இன்னொண்ணு பிரஷர் பிளேட். நடுவுல இருக்கிற அப்பளம்தான் கிளட்ச் பிளேட்; அது கியர்பாக்ஸோட ஷாஃப்டைப் பிடிச்சிருக்கு. அழுத்தம் நல்லா இருந்தா மூணும் ஒண்ணா சுத்தும். இந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது டயஃப்ரம் ஸ்பிரிங். நடுவில் ஓட்டை உள்ள தட்டு மாதிரி, உள்பக்கம் விரல் விரலா வெட்டியிருக்கும். நீங்க பெடலை மிதிச்சா கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் அந்த விரல்களைப் போய்த் தள்ளும், அழுத்தம் விலகும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு. பிடிக்கிற வேலையைச் செய்யறது ஸ்பிரிங். கேபிளோட வேலை பிடிக்கிறது இல்லை, விடுவிக்கிறது! பிரேக் கேபிளை டைட் பண்ணினா பிரேக் பிடிக்கும். சைக்கிள் ஓட்டிப் பழகின நம்ம கைக்கு அதுதான் பழக்கம். அதே புத்தியில் கிளட்ச் கேபிளையும் டைட் பண்ணினா, பெடல்ல காலே வைக்காமல், 24 மணி நேரமும் அரை மிதி மிதிச்சு வெச்ச மாதிரிதான். கியர் விழாம கரகரன்னு கத்தினா டைட் பண்ணலாம். வழுக்கினா லூஸ்தான் பண்ணணும்.

அதனாலதான் ‘ஃப்ரீ பிளே’னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பெடலை ஒரு விரலால் அழுத்தினா, முதல் ஒண்ணரை, ரெண்டு சென்டிமீட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாம லேசா இறங்கணும். அப்புறம்தான் கனமாகணும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துக்கங்க. பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கம் ரிலீஸ் ஆர்மைக் கையால் அசைச்சுப் பார்த்தாலும் சில மில்லிமீட்டர் ஆடணும். ஆடவே இல்லைன்னா, பேரிங் எப்பவும் ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி இதைப் பார்க்காத மெக்கானிக்கிட்ட கொஞ்சம் உஷாராவே இருங்க.

சரி, மூணு ட்ரிப் ஒழுங்கா ஓடின வண்டி நாலாவதில் ஏன் வழுக்கணும்? இங்கதான் ஒரு சுவாரஸ்யம். பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அப்போ ஸ்பிரிங்கோட விரல்கள் எதிர்த் திசையில், அதாவது பேரிங்கை நோக்கி வரும். ஆக, தேய்மானம் ஆக ஆக ஃப்ரீ பிளே குறைஞ்சுக்கிட்டே வரும். புது பிளேட்டோ தடிமனா இருக்கும். விரல்கள் உள்ளே போய், பிளே ஏகத்துக்கும் இருக்கும். கியர் சரியா விழறதுக்காகப் பட்டறையில் கேபிளை இழுத்து டைட் வெப்பாங்க. அது தப்பில்லை, தேவைதான். ஆனா, மிச்சமே வைக்காம இழுத்துட்டா? புது லைனிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் மேடு பள்ளம் தேய்ஞ்சு ஃப்ளைவீலோட பொருந்தி உட்காரும். அந்த நுணுக்கமான தேய்மானத்திலேயே மிச்சமிருந்த கொஞ்சூண்டு பிளேயும் காலி. அன்னிக்கு ஆரம்பிக்கும் வழுக்கல். வழுக்கினா சூடு, சூட்டில் இன்னும் தேய்மானம், இன்னும் வழுக்கல்… விஷச் சக்கரம்! புதுக் கிளட்ச் போட்ட கொஞ்ச நாளில் இன்னொரு முறை கேபிளைச் சரிபார்க்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். நம்ம ஆட்கள் ரெண்டாவது தடவை பட்டறைக்குப் போறதையே கௌரவக் குறைச்சலா நினைக்கிறாங்க.

வழுக்குதா, இல்லை எஞ்சினுக்கே தெம்பு இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? காலியான நேர் ரோட்டில், மேல் கியரில், மணிக்கு 40 கிலோமீட்டர் போல போய்க்கிட்டே ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்துங்க. எஞ்சின் சத்தம் எகிறி, ஸ்பீடோமீட்டர் முள் அசையாம நின்னா அது வழுக்கல். சத்தமும் ஏறலை, வேகமும் ஏறலைன்னா கிளட்சைக் குறை சொல்லாதீங்க. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிடிச்சுக்கிட்டு இருக்கிற பிரேக், இப்படி வேற இடத்தில் தேடுங்க. 800-ல் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். இன்னொரு சோதனையும் உண்டு. சமதளத்தில், முன்னாடி சுவரோ ஆளோ இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கிட்டு, நாலாவது கியரைப் போட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்க. நல்ல கிளட்சுன்னா எஞ்சின் படக்குன்னு நின்னுடும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா வழுக்குது. ஒரு தடவை பண்ணினா போதும், ஓகே? பத்துத் தடவை பண்ணிப் பார்த்து இருக்கிறதையும் எரிச்சுடாதீங்க.

பெரியப்பாவோட வண்டியில் நாலாவது கியர் சோதனையில் எஞ்சின் நிக்கலை. ரிலீஸ் ஆர்ம் கல்லு மாதிரி இருந்தது. டைட் பண்ணின அத்தனை சுத்தையும் திருப்பி, அதுக்கு மேலும் கொஞ்சம் லூஸ் பண்ணி, பிளே வெச்சாச்சு. வாசல் மேட்டில் பறந்து ஏறிச்சு. கள்ளக்குறிச்சி வரைக்கும் போய்ட்டு வந்தோம், ஒரு குறையும் இல்லை. ‘இவ்ளோதானா’ன்னு பெரியப்பா முகத்தில் நிம்மதி. அடுத்த நாள் காலி வண்டியோட அணைக்கு மேல ஏறிப் பார்த்தோம். முதல் கியர், ரெண்டாவது கியர் ஜம்முனு இழுக்குது. மூணாவதில் போட்டதும்… அதே உய்ய்ய்.

இப்போ காலேஜ் கணக்கைக் கொஞ்சம் எடுக்கலாம். பயப்படாதீங்க, நாலே பெருக்கல்.

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும்? உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் ரெண்டு… இந்த நாலையும் பெருக்கணும். கணக்கு வசதிக்காகச் சில எண்களை எடுத்துக்குவோம். உராய்வு 0.3, அழுத்தம் 2,500 நியூட்டன், ஆரம் 6.5 சென்டிமீட்டர். பெருக்கினா 97.5 நியூட்டன் மீட்டர். 800-ன் எஞ்சின் உச்சமா கொடுக்கிறது 59 நியூட்டன் மீட்டர்தான். தாராளமாப் போதும். இப்போ கேபிளை இழுத்துக் கட்டி, அழுத்தத்தில் 1,000 நியூட்டனைத் திருடிடுங்க. விடை 58.5. உச்சத்துக்கு அரை மார்க்கில் ஃபெயில்! இப்போ கேபிளைச் சரி பண்ணிட்டு, வேறொரு தப்பு பண்ணுவோம். லைனிங் மேல எண்ணெய் பட்டுடுச்சுன்னு வைங்க. உராய்வு 0.3 இருந்த இடத்தில் 0.1 ஆயிடுது. அழுத்தம் முழுசா இருந்தும் விடை வெறும் 32.5.

அடுத்து மலை. பத்துக்கு ஒண்ணு ஏற்றத்தில், ஆளும் சரக்கும் சேர்ந்து ஆயிரம் கிலோ வண்டி ஏற, சக்கரத்தில் சுமார் 245 நியூட்டன் மீட்டர் வேணும். முதல் கியரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து ஏறக்குறைய 15 மடங்கு பெருக்கித் தருது. கிளட்ச் வழியா 16 நியூட்டன் மீட்டர் வந்தாலே போதும். மூணாவது கியரில் சுமார் 6 மடங்குதான், 41 வேணும். எண்ணெய் பட்ட கிளட்ச் தாங்குறது 32.5. இப்போ சொல்லுங்க, முதல் கியரில் ஜம்முனு ஏறின வண்டி மூணாவதில் ஏன் கத்துச்சுன்னு! காலி வண்டிக்கு இதைவிடக் குறைவுதான் வேணும். ஆனா வளைவில் வேகம் கூட்ட ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் அந்தக் கொஞ்சமும் போயிடும். சமவெளியில் கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்தப்போ குறை தெரியாததுக்கும் காரணம் இதேதான். அங்கே யாரும் கிளட்ச்கிட்ட 32-க்கு மேல கேட்கவே இல்லை.

(கொசுறு: பாடப் புத்தகத்தில் புதுக் கிளட்சுக்கு ஒரு சூத்திரம், தேய்ஞ்ச கிளட்சுக்கு ஒரு சூத்திரம். புதுசு கொஞ்சம் அதிகமாத் தாங்கும்னு விடை வரும். ஆனா அது பிளேட் முழுப் பரப்பிலும் சமமா ஒட்டியிருந்தால்தான். பட்டறையில் மாட்டின முதல் நாள் பிளேட் அப்படி ஒட்டியிருக்காது. பரீட்சையில் இதை எழுதினா மார்க் வருமான்னு தெரியலை!)

வழுக்கும்போது எவ்வளவு சூடு தெரியுமா? 30 நியூட்டன் மீட்டரைக் கடத்திக்கிட்டே, எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து அதிகமா ஓடினா, 3 கிலோவாட்டுக்கு மேல. மூணு அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் ஆன் பண்ணி, அந்தச் சின்ன கூண்டுக்குள்ள அடைச்சு வெச்ச மாதிரி. சூட்டில் லைனிங்கின் உராய்வு இன்னும் குறையும். அதனால மலையில் வழுக்க ஆரம்பிச்சா ‘எப்படியாவது மேல போய்ச் சேர்ந்துடலாம்’னு இழுக்காதீங்க. ஓரங்கட்டி, ஆற விட்டு, கீழ் கியரில் இறங்கி வந்துடுங்க. பெரியப்பா பண்ணின புத்திசாலித்தனமான வேலை அதுதான்.

ஆக, கியர்பாக்ஸை இறக்கியாகணும். இங்கே ஆரம்பிச்சது வழக்கு! பெரியப்பா, “நீ போட்ட பிளேட் சரியில்லை, லேபர் நான் தர மாட்டேன்” என்கிறார். மெக்கானிக் அண்ணன், “கம்பெனி பிளேட்டுண்ணே, கவரைக் கூட உங்ககிட்ட காட்டினேனே… நீங்கதான் மலையில ஏத்திக் கருக்கிட்டீங்க” என்கிறார். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அதுதான் இதில் சிக்கலே. பழைய வண்டியில் கிளட்ச் மாத்துறதில் பொருளோட விலையைவிட இறக்கி ஏத்துற கூலி பெருசா உறுத்தும். அந்தக் கூலி ரெண்டாவது தடவை யார் தலையில் விழும்ங்கிறதுதான் சண்டையே.

இறக்கிப் பார்த்தாச்சு. பிளேட்டின் நிறம் பார்த்ததும் மெக்கானிக் அண்ணன் முகம் மாறிடுச்சு. லைனிங்கில் கருப்பா, பளபளன்னு எண்ணெய்ப் பூச்சு. ஃப்ளைவீலின் நடுவிலிருந்து ஓரம் வரை, சுத்தும்போது தெறிச்ச கோடு கோடா ஈரம்.

எண்ணெய் எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்காம புது பிளேட் போட்டா, மறுபடியும் அதே கதை. வழி ரெண்டுதான். எஞ்சின் பக்கம் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல். இந்தப் பக்கம் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீல். ஃப்ளைவீல் நடுவிலும் அதுக்குப் பின்னாலும் ஈரம் இருந்தா முதல் சீல். இன்புட் ஷாஃப்டைச் சுத்தியும் ரிலீஸ் பேரிங் பக்கமும் இருந்தா ரெண்டாவது. மூக்கும் உதவும். எஞ்சின் ஆயில் ஓடி ஓடிக் கருத்திருக்கும், கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, ஒருதரம் மோந்தா மறக்காது. பெரியப்பா வண்டியில் கருப்பு எண்ணெய், கிராங்க் சீல். இருபது வருஷ ரப்பர், உதடு விறைச்சுப்போய், நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது.

முதல் தடவை இறக்கினப்பவே சீலை மாத்தியிருந்தா இந்த வம்பே இல்லை. சீலோட விலை, கிளட்ச் செட்டின் விலையில் ரொம்பச் சின்னப் பங்கு. ஆனா ஏன் மாத்தலை? விசாரிச்சப்போ தெரிஞ்சது: “அப்போ பார்க்கையில காய்ஞ்சுதான் இருந்துச்சு தம்பி. ஐயாவும் வேற எதையும் தொடாத, செலவை இழுக்காதன்னு சொன்னாரு.” பெரியப்பா அதை மறுக்கலை. மேலே இருக்கிற கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். இந்த ‘வேற எதையும் தொடாத’ங்கிற வார்த்தையை நம்ம வீட்டுப் பெரியவங்க எத்தனை பட்டறையில் சொல்லியிருப்பாங்க! ஆனா என் தீர்ப்பு மெக்கானிக் அண்ணனுக்கு எதிராத்தான். வண்டிக்காரருக்குச் சீல்னா என்னன்னே தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒரு வாட்டி அழுத்திச் சொல்லியிருக்கணும்.

நல்லவேளை, ரெண்டு பேரும் பல வருஷப் பழக்கம். கூலியில் பாதிதான் வாங்கினார். சீலும் புது பிளேட்டும் பெரியப்பா செலவு. ‘பிளேட்டை ஏன் மாத்தணும், பெட்ரோல்ல கழுவி, தீயில காட்டி எடுத்தா சரியாயிடும்’னு பக்கத்தில் நின்ன ஒருத்தர் வைத்தியம் சொன்னார். எங்க பக்கம் இது பிரபலமான வைத்தியம்தான். நம்பாதீங்க. மேல இருக்கிற எண்ணெய் எரியும். லைனிங்குக்குள்ள ஊறினது, அடுத்த சூட்டில் மறுபடியும் மேல வந்துடும். பெட்ரோலோட தீ விளையாட்டு வேற. எண்ணெய் ஊறின பிளேட்டை மாத்தித்தான் ஆகணும். பிரஷர் பிளேட் இரும்பு. அதைச் சுத்தமாத் துடைச்சு, நிறம் மாறாம, கீறல் இல்லாம இருந்தா திரும்பப் போடலாம்.

இன்னொண்ணு. எஞ்சினோட மூச்சுக்குழாய், அதாவது கிராங்க் கேஸ் வென்டிலேஷன் பைப், அடைச்சிருந்தா உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி எண்ணெய் தள்ளும். ஊதிப் பார்த்துடுங்க.

அப்புறம் ஃப்ளைவீல். பிளேட் புதுசு, ஃப்ளைவீல் பழசு. புதுத் துடைப்பம் வாங்கிப் பழைய சேத்துத் தரையைத் துடைக்கிற கதை. கண்ணாடி மாதிரி மழமழன்னு இருந்தாலோ, நீலப் புள்ளிகள் விழுந்திருந்தாலோ, ஸ்கேலை மேல வெச்சா நடுவுல வெளிச்சம் தெரிஞ்சாலோ லேத்துக்கு அனுப்பி லேசா சீவணும். சில வண்டிகளில் உராயும் பரப்பும் கவர் போல்ட் ஆகிற பரப்பும் வேற வேற மட்டத்தில் இருக்கும். ஒண்ணை மட்டும் சீவிட்டா ஸ்பிரிங்கின் அழுத்தமே குறைஞ்சுடும். ரெண்டையும் ஒரே அளவு எடுக்கணும். லேத் அண்ணனிடம் இதை வாயால் சொல்லாம, பேப்பரில் எழுதிக் கொடுங்க.

மாட்டுறதில் இருக்கிற சமாச்சாரங்களைச் சட்டுன்னு சொல்லிடறேன். பிளேட்டில் ஒரு பக்கம் ‘ஃப்ளைவீல் சைடு’ன்னு போட்டிருக்கும், திருப்பிப் போட்டா நடு மூக்கு ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும். கவர் போல்ட்டுகளை எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும். ஒரே பக்கமா முறுக்கினா கவர் கோணிக்கும். ஸ்பிளைனுக்குக் கிரீஸ் துளிதான், அப்பினா அதுவே தெறிச்சு லைனிங்குக்கு வரும். கிரீஸ் கையால் லைனிங்கைத் தொடவே கூடாது. பிளேட்டை 800-க்குன்னே கேட்டு வாங்கணும். ‘ஆல்டோவும் இதுவும் ஒண்ணுதான்’னு கடையில் சொன்னா பழையதைப் பக்கத்தில் வெச்சு விட்டம், தடிமன், ஸ்பிளைன் பல் மூணையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஓசூரில் கிளட்ச் தயாராகுது, சென்னை பாடியில் கிளட்ச் லைனிங் தயாராகுது. நம்ம மாநிலத்திலேயே இவ்வளவு இருக்கும்போது, பழைய தட்டில் புது லைனிங் ஒட்டின ரீ-லைனிங் பிளேட்டை மலை ஏறுற வண்டிக்குப் போடணும்னு என்ன தலையெழுத்து?

பழைய கிளட்சைக் கழட்டும்போது கூண்டுக்குள்ள இருக்கிற கருப்புத் தூளைக் கம்ப்ரஸர் காத்தால் ‘புஸ்’ஸுன்னு ஊதுறது பட்டறைகளில் சகஜம். தயவுசெஞ்சு வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அதோட நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். ஈரத் துணியால் துடைச்சு, துணியைக் கவரில் கட்டிப் போடுங்க. பட்டறையில் எடுபிடியா நிக்கிற பதினெட்டு வயசுத் தம்பிதான் அந்தத் தூளை முதல்ல சுவாசிக்கிறான். மாஸ்க் ஒண்ணாவது வாங்கிக் குடுங்க.

‘எங்க வண்டியில் கேபிளே இல்லை, ஹைட்ராலிக்’ என்பவர்களுக்கு ஒரு வரி. மாஸ்டர் சிலிண்டரில் திரும்பும் வழி அடைச்சா, காலை எடுத்த பிறகும் அழுத்தம் உள்ளேயே தங்கி கிளட்சை அரைகுறையாப் பிடிச்சிருக்கும். வழுக்கும்போது வண்டியை நிறுத்தி, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடிங் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து மூடுங்க. வழுக்கல் உடனே நின்னா குற்றவாளி மேலே மாஸ்டர் சிலிண்டர்; கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

பில் விஷயம். பெரியப்பாவுக்குப் பழக்கம் கைகொடுத்தது, எல்லாருக்கும் கொடுக்காது. பட்டறையில் பில் கேட்டா ஏதோ சந்தேகப்படற மாதிரி பார்ப்பாங்க, பரவாயில்லை, கேளுங்க. துண்டுச் சீட்டிலாவது தேதி, கிலோமீட்டர், என்னென்ன மாத்தினது, எது மாத்தலைன்னு எழுதி வாங்குங்க. கழட்டின பழைய பொருட்களையும் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்க. பேச்சில் தீரலைன்னா, சேவைக் குறைபாட்டுக்கு 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். ஆனா கையில் சீட்டே இல்லாம எந்தச் சட்டம் வந்து என்ன செய்யும்?

கடைசியா, போட்டு முடிச்ச பிறகு. முதல் 500 கிலோமீட்டருக்கு ஃபுல் லோடு வேண்டாம், மேட்டில் பாதிக் கிளட்சில் நிறுத்திவெக்கிற சர்க்கஸ் வேண்டாம், பெடல் மேல காலை ஓய்வு எடுக்க விடவும் வேண்டாம். டவுனுக்குள்ள நின்னு நின்னு போற ஓட்டம்தான் புது லைனிங்குக்கு நல்ல பயிற்சி. அந்த 500 முடிஞ்சதும் பெடல் பிளேயை மறுபடி பாருங்க. தீபாவளிக்கு முந்தின அந்த ரெண்டு வாரமும் பெரியப்பா சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம்னு சமவெளியிலேயே சுத்தி வசூல் பண்ணினார். மலைச் சரக்குக்கு ஒரே ஒரு ட்ரிப் மட்டும் வாடகை ஜீப். 500 முடிஞ்ச அன்னிக்கு ரிலீஸ் ஆர்மை ஆட்டிப் பார்த்தோம், பிளே குறைஞ்சிருந்தது. நட்டை ஒண்ணரைச் சுத்து லூஸ் பண்ணினோம். ஆமா, லூஸ்!